16 மில்லி செகண்டில் ஒரு குடித்தனம்



நம் ஹாஸ்டலில் லேப்டாப் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான். "கேம் ஓடுதுடா, ஆனா நின்னு நின்னு ஓடுது!" உடனே ஒருவன், "எல்லாத்தையும் லோவில் வை" என்பான். இன்னொருவன், "வேற லேப்டாப் வாங்கு" என்பான். இரண்டாவது யோசனை நமக்கு ஒத்து வராது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் லேப்டாப்புக்கு அப்பா இன்னும் மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். ஆட்டோகேட் டிராயிங்கும் அதில்தான், புராஜெக்ட் ரிப்போர்ட்டும் அதில்தான். டிப்ளமோ முடியும்வரை அது உயிரோடு இருந்தாக வேண்டும். முதல் யோசனையோ பாதிதான் சரி. ஏன் என்று பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக, போலந்து நாட்டின் சி.டி. புராஜெக்ட் ரெட் நிறுவனம் 2020 டிசம்பரில் வெளியிட்ட சைபர்பங்க் 2077ஐ எடுத்துக்கொள்வோம். 2023ல் 2.0 பதிப்பு வந்தபோது அதன் குறைந்தபட்சத் தேவையே 6 ஜி.பி. உள்ள ஜி.டி.எக்ஸ். 1060 கார்டு, 12 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. என்று உயர்ந்துவிட்டது. என்னிடம் இருப்பது 4 ஜி.பி. உள்ள ஜி.டி.எக்ஸ். 1650. அதாவது, வாசற்படிக்கு வெளியே நிற்கும் கேஸ் நாம்!

நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்தை வரைய 16.67 மில்லி செகண்ட்தான் கிடைக்கும். 30 படம் போதுமென்றால் 33.3. இதுதான் நம் சம்பளம். நிழல், பனிமூட்டம், பிரதிபலிப்பு எல்லாம் இதிலிருந்துதான் செலவு. சம்பளம் பத்தாத மாதத்தில் எங்கம்மா எல்லாச் செலவையும் ஒரே அளவாகக் குறைப்பதில்லை. எது குறைந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாதோ அதில்தான் முதலில் கை வைப்பார். இங்கேயும் அதே கணக்குதான்.

முதலில் டெக்ஸ்சர். சுவரின் செங்கல், சட்டையின் துணி, ரோட்டின் விரிசல் எல்லாம் இதில்தான் தெரியும். கார்டின் 4 ஜி.பி.க்குள் அடங்கும்வரை இதற்கு நேரச் செலவு மிகக் குறைவு. அடங்காமல் போனால்தான் ஆபத்து. நம் வொர்க்‌ஷாப்பை நினைத்துப் பாருங்கள். பைலும் வெர்னியரும் பெஞ்சிலேயே இருந்தால் வேலை ஓடும். ஒவ்வொரு தடவையும் ஸ்டோருக்குப் போய் டோக்கன் கொடுத்து வாங்கி வருவதென்றால்? கார்டின் நினைவகம் நம் பெஞ்ச். லேப்டாப்பின் ரேம் அந்த ஸ்டோர். படம் "நின்னு நின்னு" ஓடுவதற்கு இந்த ஓட்டம் ஒரு முக்கியமான காரணம். எனவே டெக்ஸ்சரை மீடியத்தில் வைத்து, நினைவகம் நிரம்புகிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். இடம் இருந்தால் அதை லோவுக்கு இறக்குவது வீண் சிக்கனம்.

நிழல் அப்படியல்ல. நிழல் எங்கே விழும் என்று தெரிய, கார்டு விளக்கு இருக்கும் இடத்திலிருந்து அதே காட்சியை இன்னொரு முறை வரைந்து பார்க்கிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு முறை வாடகை கொடுத்த மாதிரி! பனிமூட்டம், ஈர ரோட்டில் தெரியும் பிரதிபலிப்பு, மூலைமுடுக்கு இருட்டான ஆம்பியன்ட் ஆக்லூஷன், இவையும் பெருந்தீனிக்காரர்கள். இந்த விளையாட்டில் பிரதிபலிப்புக்கு 'சைக்கோ' என்றே ஒரு நிலை உண்டு. பெயரைப் பார்த்தே ஒதுங்கிக்கொள்ளலாம். ரே டிரேசிங் பக்கம் எட்டிப் பார்க்கவே வேண்டாம். ஓடும் காரிலிருந்து சுடுகிறவன் தூண் நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா என்று பார்ப்பானா, சொல்லுங்கள்!

அடுத்தது ரெசல்யூஷன். 1920க்கு 1080 என்றால் ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். 1280க்கு 720 என்றால் 9,21,600. பாதிக்கும் குறைவு. ஆனால் வெறுமனே குறைத்தால் படம் மங்கிப் போகும். சிறிதாக வரைந்து பெரிதாக்கித் தரும் உத்திகள் இதற்காகவே வந்தவை. என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். ஆர்.டி.எக்ஸ். கார்டுகளுக்கு மட்டும்தான். ஏ.எம்.டி. 2022ல் வெளியிட்ட எஃப்.எஸ்.ஆர். 2 நம் ஜி.டி.எக்ஸ். கார்டிலும் வேலை செய்யும். அதன் 'குவாலிட்டி' நிலை 720ல் வரைந்து 1080 ஆக்குகிறது. அந்த வேலைக்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆகவே வேகம் இரட்டிப்பாகும் என்று எண்ண வேண்டாம். 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் முடியும் கம்பியும் பொரிந்து தெரிகிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

இவ்வளவும் குறைத்து வேகம் கூடவில்லையா? ரெசல்யூஷனை மிகவும் இறக்கிப் பாருங்கள். அப்போதும் எண்ணிக்கை அசையவில்லை என்றால் திணறுவது கார்டு அல்ல, செயலி. அப்போது நிழலைக் குறைப்பதைவிட, தெருவில் நடமாடும் கூட்டத்தின் அளவைக் குறைப்பதுதான் உதவும். ரேம் ஒற்றை 8 ஜி.பி. பட்டையாக இருந்தால், இன்னொன்றைச் சேர்த்ததும் நினைவகத்துக்கு இரண்டு பாதை திறக்கும். காசு செலவழிப்பதென்றால் என் ஓட்டு இதற்குத்தான். சார்ஜரைச் செருகாமல் விளையாடுவது மட்டும் கூடவே கூடாது. பேட்டரியில் கார்டுக்கு முழு மின்சாரம் போகாது.

ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒன்றை மாற்றியதும் விளையாட்டிலேயே உள்ள பெஞ்ச்மார்க்கை ஓட்டி எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். லேப் ரெக்கார்டு எழுதுகிற மாதிரிதான்.

கடைசியாகச் சூடு. நம் ரக லேப்டாப் பலவற்றில் செயலிக்கும் கார்டுக்கும் பொதுவான செம்புக் குழாய்கள்தான். மே மாத வெயிலில் முதல் பத்து நிமிடம் பறக்கும், பிறகு படுத்துவிடும். சூடு எல்லை தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். இதற்கு நல்ல மருந்து வேகத்துக்கு வரம்பு போடுவது. 60க்கும் 28க்கும் தாவுவதைவிடச் சீரான 30 கண்ணுக்கு இதம், விசிறிக்கும் இதம். திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் வி-சிங்க் போட்டு 30 வையுங்கள். 120 என்றால் 40, 144 என்றால் 48. மிச்சமில்லாமல் வகுபட வேண்டும், அவ்வளவுதான்!

லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து விளையாடுகிறவர்கள் மேலே சொன்ன எதையும் செய்யும் முன் அதை மேஜைக்கு மாற்றுங்கள். விசிறித் தூசியைத் துடைக்க வேண்டுமா? சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் பிரஷும் என்னிடம் இருக்கின்றன. வாரண்டி முடிந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.