பத்தில் ஒரு கட்டு

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உழவன் கதிரறுத்தால், பத்தில் ஒரு கட்டு திருச்சபைக்கு உரியது. சட்டமே அவ்வாறு விதித்தது. தசமபாகம் என்னும் இதனை, ஜார்ஜ் ஃபாக்ஸ் வழிவந்த குவேக்கர்கள் கொடுக்க மறுத்தனர். கிறிஸ்துவின் வருகையோடு பழைய குருமார் முறை முடிந்தது, இறைவாக்கை உரைப்பதற்குக் கூலி ஆகாது என்பது அவர்தம் கொள்கை.

இதனைக் கஞ்சத்தனம் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டா. கொடாமையால் அவர்கள் இழந்ததே மிகுதி. பசுவும் பாத்திரமும் பறிபோயின. செலுத்த வேண்டியதைவிடப் பன்மடங்கு விலைபெறும் பொருள்களும் போனதுண்டு. சிறையில் மாண்டோரும் உளர். குவேக்கர்கள் எதிர்த்துக் கை ஓங்கவில்லை. போன பொருளை விலையோடு ஏட்டில் எழுதிவைத்தனர். அவ்வேடுகள் லண்டனில் இன்றும் உள்ளன.

1696-ஆம் ஆண்டுச் சட்டம், சிறு தொகைகளை நீதிபதிகளின் ஆணையால் பறிமுதல் செய்து தண்ட வழிவகுத்தது. 1836-இல் தானியப் பங்கு பணமாக மாறிற்று.