‘100% பிளேஸ்மென்ட்’: விஎஃப்எக்ஸ் படிப்பில் சேரும் முன் போட வேண்டிய கணக்கு

“ஐடி வேலை போர் அடிக்குது ப்ரோ, விஎஃப்எக்ஸ் கத்துக்கலாமா?” உங்கள் நண்பர் யாராவது இப்படிக் கேட்டிருப்பார். நீங்களே கூடக் கேட்டிருக்கலாம். இணையத்தில் தேடத் தொடங்கியதும் வரிசையாக வந்து நிற்கும் வாக்குறுதி, ‘100% பிளேஸ்மென்ட்’. அதை நம்பிப் பணம் கட்டும் முன், அந்த எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

கணக்கு எங்கே மாறுகிறது?

ஓர் உதாரணம். ஒரு பேட்ச்சில் 60 பேர் சேர்கிறார்கள். 40 பேர் படிப்பை முடிக்கிறார்கள். வருகைப்பதிவு, ஷோரீல் என்று நிபந்தனைகள் வைத்து 20 பேரை மட்டும் ‘தகுதியானவர்கள்’ என்கிறது நிறுவனம். அந்த 20 பேருக்கும் வேலை கிடைத்தால் விளம்பரத்தில் 100%. சேர்ந்தவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் 33% தான்.

அதனால் கவுன்சிலிங்கில் “எத்தனை சதவீதம்?” என்று கேட்காதீர்கள். “போன பேட்ச்சில் எத்தனை பேர் சேர்ந்தாங்க? அதில் எத்தனை பேர் இப்போ விஎஃப்எக்ஸ் வேலையில் இருக்காங்க, எந்தப் பிரிவில்?” என்று கேளுங்கள்.

பிரிவு ஏன் முக்கியம்?

வெளிநாட்டுப் படங்களுக்காக இந்தியாவில் நடக்கும் வேலையில் பெரும்பங்கு ரோட்டோ, பெயின்ட், மேட்ச்மூவ். ஒரு காட்சியில் இருந்து நடிகரின் உருவத்தை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்தெடுப்பது ரோட்டோ. கயிறு, கம்பி போன்றவற்றை அழிப்பது பெயின்ட். புதியவர்கள் நுழையும் வாசல் பெரும்பாலும் இதுதான். ஏஐ கருவிகள் வேகமாகக் கை வைக்கும் இடமும் இதுதான். கம்பாசிட்டிங், லைட்டிங், எஃப்எக்ஸ், ரிக்கிங் என்று ஏதாவது ஒன்றில் ஆழமாகப் பயிற்சி தராமல், எல்லா மென்பொருளையும் மாதம் ஒன்றாகத் தொட்டுக் காட்டும் கோர்ஸ் உங்களை அந்த வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

துறை நிலையானதா?

‘லைஃப் ஆஃப் பை’ புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு தாக்கல் செய்தது. அதே மாதம் அந்தப் படத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது, இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோரின் வேலை போனது. திறமை இருந்தாலும் சில மாதங்கள் வேலையில்லாமல் இருக்க நேரலாம். அதற்கான சேமிப்பையும் படிப்புச் செலவோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

பணம் எங்கே கசியும்?

கட்டணம் 3 லட்சம் என்று சொன்னால், ஜிஎஸ்டி சேர்த்தா என்று கேளுங்கள். 18% வரி தனி என்றால் 54,000 ரூபாய் கூடும். ‘ஈஸி இஎம்ஐ’ என்பது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தின் கடன். பாதியில் படிப்பை விட்டாலும் தவணை நிற்காது. ரீஃபண்ட் விதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எங்கே படிக்கலாம்?

பட்டதாரிகளுக்கு ஐஐடி பம்பாயின் ஐடிசி (சீட் தேர்வு), அகமதாபாத் என்ஐடி (டிஏடி தேர்வு) ஆகியவற்றில் அனிமேஷன் முதுகலைப் படிப்புகள் உள்ளன. கொல்கத்தா சத்யஜித் ரே திரைப்படக் கல்லூரியிலும் அனிமேஷன் சினிமா படிக்கலாம். பிளஸ் டூ முடித்த தம்பி, தங்கைக்கு என்றால், சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் அனிமேஷன் மற்றும் விஷுவல் எஃபெக்ட்ஸ் இளங்கலைப் படிப்பு உண்டு. தனியார் நிறுவனம் ‘டிகிரி’ தருவதாகச் சொன்னால், எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்று கேட்டு, அந்தப் பெயர் யுஜிசி இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலையை விடும் முன்

பிளெண்டர் இலவச மென்பொருள். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வென்ற ‘ஃப்ளோ’ அதில்தான் உருவானது. நியூக், ஹூடினி ஆகியவற்றுக்கும் கற்பவர்களுக்கான இலவசப் பதிப்புகள் உண்டு. மூன்று மாதம், வார இறுதிகளில் உட்கார்ந்து ஒரே ஒரு 10 விநாடி ஷாட்டை முடித்துப் பாருங்கள். ஒரே ஃபிரேமை 20-வது முறை திருத்தும்போதும் சலிப்பு வரவில்லையா? அப்போ ஃபீஸ் பற்றி யோசிக்கலாம். இந்தத் துறையில் வேலை தருபவர்கள் முதலில் கேட்பது சான்றிதழை அல்ல, ஷோரீலை. அதன் முதல் ஷாட் கோர்ஸில் சேரும் முன்பே உங்கள் கையில் இருக்கும்.