எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: யாருக்கு, எப்போது?

“ஆறு மாசத்துல கல்யாணம் டாக்டர், அதுக்குள்ள இளைக்கணும்” என்று வருபவர்கள் ஒருபுறம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்து, இன்சுலின் அளவு ஏறிக்கொண்டே போய், மகனின் தோளைப் பிடித்தபடி படியேறி வருபவர்கள் மறுபுறம். முதல் வகையினரில் பலருக்கு இந்த அறுவை சிகிச்சை தேவையே இல்லை. இரண்டாம் வகையினரோ பல வருடங்களுக்கு முன்பே வந்திருக்க வேண்டியவர்கள். இந்தத் துறை மருத்துவர்களை அதிகம் வருத்துவது இந்தத் தாமதம்தான்.

எந்த எடையில் யோசிக்கலாம்?

உடல் நிறைக் குறியீட்டெண் (பிஎம்ஐ) 40, கூடவே நோய்கள் இருந்தால் 35 என்பது 1991-ல் அமெரிக்காவில் வகுத்த வரம்பு. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 35 என்பது சுமார் 95 கிலோ. 2022-ல் சர்வதேச அறுவை சிகிச்சைச் சங்கங்கள் இந்த வரம்பைத் தளர்த்தின. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுவதால், 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம் என்றன. நம் ஊர் மருத்துவக் காப்பீடு மட்டும் பெரும்பாலும் பழைய கணக்கிலேயே நிற்கிறது.

ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி, இதயப் பரிசோதனை, மனநல ஆலோசனை ஆகியவை முன்கூட்டியே நடக்கும்.

ஊர் சொல்வதும் உண்மையும்

‘கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள்.’ அது லைபோசக்‌ஷன், அழகு சிகிச்சை. இங்கே கைவைப்பது இரைப்பையிலும் குடலிலும். ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படும். திரும்பப் பொருத்த முடியாது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனும் அதோடு குறையும். இரைப்பை ‘பைபாஸ்’ செய்தவர்களில் பலருக்கு எடை இறங்கும் முன்பே, சில நாட்களில் சர்க்கரை கட்டுக்குள் வருகிறது.

‘சோம்பேறிகளின் குறுக்குவழி.’ நோயாளியை ரொம்பவும் நோகடிக்கும் பேச்சு இது. பட்டினி கிடந்து எடை குறைத்தால் உடல் பசியைக் கூட்டி, சக்திச் செலவைக் குறைத்து, பழைய எடைக்கே இழுத்து வந்துவிடும். அவர் மனவுறுதியைக் குறைசொல்வது அநியாயம். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி சுமார் 4,000 பேரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைவாகவே இருந்தது.

‘ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போய்விடும்.’ 2024-ல் சென்னைப் புறநகரில் இந்தச் சிகிச்சைக்குச் சென்ற ஓர் இளைஞர் இறந்த பிறகு இந்தப் பயம் கூடியிருக்கிறது. அனுபவமுள்ள மையங்களில் ஆபத்து, பித்தப்பை அறுவை சிகிச்சையில் இருக்கும் அளவுதான். ஆனால், ஐசியு இருக்கிறதா, எடை கூடியவர்களுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழகியவர் உண்டா, இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். குறைந்த கட்டண விளம்பரம் பார்த்து ஓடக் கூடாது.

கைவைத்தியக் கொடுமை

தைராய்டு கோளாறே இல்லாதவர் எடை குறைய தைராய்டு மாத்திரை விழுங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். கொடம்புளிச் சாறு கலந்த கேப்ஸ்யூல்களால் கல்லீரல் கெட்டு வந்தவர்கள் உண்டு. 2025-ல் இந்தியாவுக்கு வந்த எடைக்குறைப்பு ஊசிகள் நல்ல மருந்துகள். பலருக்கு அறுவை சிகிச்சையைத் தவிர்க்கவும் உதவலாம். அவற்றைத் தோழி போட்டுக்கொண்டாள் என்பதற்காகச் சீட்டில்லாமல் வாங்கிக் குத்திக்கொள்வதை என்னவென்று சொல்வது?

செய்த பிறகு

முதல் இரண்டு வாரம் நீராகாரம். பிறகும் ஒரு இட்லியைச் சாப்பிட இருபது நிமிடம் ஆகும்; சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. பெண்கள் ஒன்று, ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க. இதற்குச் சம்மதமா என்று வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். இல்லையென்றால் இப்போது வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். செய்துகொண்டவர்களிடம் ஒரு மன்றாடல்: உடம்புதான் இளைத்துவிட்டதே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். விடாமல் வாந்தி எடுத்தால் ‘சூடு பிடித்திருக்கும்’ என்று இளநீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். தயாமின் குறைந்து மூளையையே பாதிக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.