ஜனத்தொகையும் ஜீவனமும் எழுத்தறிவும்

2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி தமிழ்நாட்டின் ஜனத்தொகை 7 கோடியே 21 லக்ஷம். 7 வயதும் அதற்கு மேலுமானோரில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிந்தவர். ஆயினும் புருஷர்களில் நூற்றுக்கு 87 பேருக்கு ஸ்திரீகளில் 73 பேரே. இவ்வித்தியாசம் அற்பமன்று.

நமது வட்டாரத்தையே நோக்குவோம். இராஜபாளையத்தில் பருத்தி நூலும் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியும், ஸ்ரீவில்லிபுத்தூரில் கைத்தறியும் பால்கோவாவும் அநேகருக்கு ஜீவனம். தறியிலும் கறவை மாட்டிலும் பாடுபடுவோரில் ஸ்திரீகள் பலர். பால் ஊற்றிய அளவையும் பெற்ற கடனையும் பாஸ் புத்தகத்தில் தாமே வாசிக்க அறியாதவர், பிறர் சொல்வதை நம்பிக் கைநாட்டு வைக்க நேரிடும். உழைப்பின் பலன் உழைத்தவரைச் சேர எழுத்தறிவே காவல். ஆதலால் ஒவ்வொரு சங்கமும் தன் ஸ்திரீ அங்கத்தினருக்குக் கணக்கு வாசிக்கக் கற்பித்தல் அவசியமாகும்.