பெரும்பாணாற்றுப்படையில் குடிலமைப்பு வினைச்சொற்கள்

நாட்டுப்புற வீடுகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நிலைத்து நிற்கும் கல், செங்கல், மரக் கட்டடங்களையே சான்றாகக் கொள்கின்றன. கூரைக்குடில் அவ்வாறு நிலைத்து நிற்பதன்று. ஓலையும் புல்லும் சில ஆண்டுகளில் மக்கிவிட, கூரை மீண்டும் வேயப்படுகிறது. ஆகவே பழங்குடிலுக்குப் பொருட்சான்று கிடைத்தல் அரிது. அக்குறையைச் செய்யுள் வழக்கும் உலக வழக்கும் ஓரளவு நிறைவு செய்கின்றன.

தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளைக் கொண்டது. பாணன் செல்லும் வழியிலுள்ள குடியிருப்புகளை அது நிலம்தோறும் காட்டுகிறது. எயினர் குரம்பைக்கு ஈந்தின் இலையும், முல்லை நிலச் சீறூர்க் குடிகளுக்கு வரகு வைக்கோலும், வலைஞர் குரம்பைக்குத் தருப்பைப் புல்லும் கூரையாகின்றன. நிலம் மாறுந்தோறும் கூரைப்பொருள் மாறுகிறது. ஆனால் இம்மூன்றிடத்தும் புலவர் ஆளும் வினை ‘வேய்தல்’ என்பதே.

வலைஞர் குரம்பை பற்றிய பகுதி இன்னும் நுட்பமானது. வேழக்கோலை நிரைத்தல், வெண்ணிறக் கொம்புகளை இடையே விரவுதல், தாழைநாரால் முடித்தல், தருப்பையால் வேய்தல் என நான்கு வினைகள் அடுத்தடுத்து அமைகின்றன. இவ்வரிசை குடில் எழும் முறையாகவே உள்ளது. சட்டம் முதலில், பிணிப்பு அடுத்து, கூரை இறுதியில். ஆணியோ சாந்தோ இங்குக் கூறப்படவில்லை. குடிலின் உறுதி பிணிப்பைச் சார்ந்தது. ‘கட்டுதல்’ என்னும் சொல் இன்றும் பிணித்தல், வீடெழுப்புதல் என்னும் இரு பொருளிலும் வழங்குவது இங்கு எண்ணத்தக்கது. அக்குரம்பைக்கு அடையாக வரும் ‘குறியிறை’ என்பது குறுகிய இறப்பைக் குறிக்கும். கூரையின் தாழ்ந்த விளிம்பைச் சிற்றூர் மக்கள் ‘எறவானம்’ என்பர். ‘கீற்று வேய்தல்’ என்னும் வழக்கும் இன்றுவரை மறையவில்லை.

குடிசையில்லாத் தமிழ்நாட்டை இலக்காகக் கொண்டு, 2030ஆம் ஆண்டுக்குள் 8 இலட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டும் திட்டத்தை மாநில அரசு 2024இல் அறிவித்தது. தீக்கும் மழைக்கும் அஞ்சி வாழ்வோர்க்கு இது வேண்டிய மாற்றமே. எனினும் கூரை வேயும் தொழில் அருகும்போது அதன் சொற்களும் அருகும். உறுப்புப் பெயர்களை மட்டும் தொகுத்தால் ஒரு குடில் எவ்வாறு எழுந்தது என்பது விளங்காது. எனவே களஆய்வாளர், கூரை வேய்வோர் தொழில் செய்கையிலேயே, வினைச்சொற்களை அவற்றின் வரிசையோடு பதிவுசெய்தல் வேண்டும். அத்தகைய பதிவுக்குப் பெரும்பாணாற்றுப்படை தொன்மையான முன்மாதிரியாக அமைகிறது.