கச்சான் காற்றும் காட்டுத்தீயும்: தண்ணீர் இல்லாமல் தீயை மறிப்பவர்கள்

கச்சான் வீசத் தொடங்கினால் கல்முனையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வெக்கையைத் திட்டுவோம். அந்தக் காற்று எங்களிடம் வருமுன் எங்கெல்லாம் போய் வருகிறது என்று யோசிப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி ஊவா மலைகளைக் கடந்து கிழக்குக் கரைக்கு இறங்குகிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் புல்வெளிகளும் பைனஸ் காடுகளும் பற்றுவதற்கும், எங்கள் வயல் மண் வெடிப்பதற்கும் இந்த வரட்சிதான் காரணம். தீயை வைப்பது மட்டும் பெரும்பாலும் மனிதன்.

அங்கே தீயை மறிக்கும் வேலை நாம் ஊரில் பார்க்கும் தீயணைப்பு அல்ல. தீ எரிய எரிபொருள், ஒட்சிசன், வெப்பம் மூன்றும் வேண்டும். ஊருக்குள் தண்ணீரை அடித்து வெப்பத்தைத் தணிக்கலாம். மலைச்சரிவில் பவுசர் ஏறாது. காற்றையும் நிறுத்த முடியாது. மிஞ்சுவது எரிபொருள்தான். ஆகவே தீக்கு முன்னால் புல், சருகு, வேர் எல்லாவற்றையும் வெட்டி, வெறும் மண் தெரியும்வரை சுரண்டி ஒரு தடுப்புக்கோடு போடுகிறார்கள். எங்கள் நாட்டில் வன அதிகாரிகளும் படையினரும் ஊரவர்களும் மண்வெட்டி, கத்தி, பச்சைக் கொப்புகளோடு இதைச் செய்கிறார்கள். ஹெலிகொப்டர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாலும், பிறகு கணகணக்கும் தணலை ஒவ்வொன்றாகக் கிளறி அணைக்க மனிதன் நடந்துதான் போகவேண்டும்.

இதற்கு உடல் எவ்வளவு ஈடுகொடுக்க வேண்டும்? அமெரிக்காவில் காட்டுத்தீக் குழுவில் சேர விரும்புபவர் சுமார் 20 கிலோ சுமையுடன் 4.8 கிலோமீற்றரை 45 நிமிடத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். ஓடக் கூடாது. வேலையில் இறங்கினால் ஒரு நாளில் 12 முதல் 16 மணித்தியாலம். செலவாகும் சக்தி 4,000 முதல் 6,000 கலோரி. வியர்வை மணிக்கு ஒரு லீற்றரையும் தாண்டும். அங்கே இவர்களின் உயிரைப் பறிக்கும் முக்கிய காரணங்களில் மாரடைப்பும் ஒன்று. புகையின் கதை வேறு: 2022 இல் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் தீயணைப்புத் தொழிலையே புற்றுநோயை உண்டாக்கும் தொழிலாக வகைப்படுத்தியது.

சரிவு இன்னொரு எதிரி. ஒவ்வொரு 10 பாகை ஏற்றத்துக்கும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். தீ மேல்நோக்கி ஓடும்போது மனிதனால் அதை முந்த முடியாது. 2018 மார்ச் 11 அன்று தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்கள் தீயில் சிக்கி, 20 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பயிற்சி பெற்றவர்களும் தப்புவதில்லை. 2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னல் மலையில் 20 பேர் கொண்ட குழுவில் 19 பேர் மாண்டனர்.

அதனால் இக்குழுக்களுக்கு நான்கு கட்டளைகள் உண்டு: கண்காணிக்க ஒருவர், அறுபடாத தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம். நான்கும் உறுதியாகாமல் வேலை தொடங்கக் கூடாது. இதை வாசித்தபோது எனக்கு யுத்த காலம்தான் நினைவுக்கு வந்தது. சத்தம் வரும் திசையைக் கவனித்து, எந்த ஒழுங்கையால் ஓடுவது, எந்தப் பள்ளிவாசலில் ஒதுங்குவது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த சனம் நாங்கள்.

யுத்தம் இந்த வேலையை வேறு விதத்திலும் கடினமாக்குகிறது. கண்ணிவெடி புதைந்த காட்டில் மண்வெட்டியை இறக்க முடியாது; வெப்பத்தில் வெடிபொருள் வெடிக்கவும் கூடும். மட்டக்களப்பு மாவட்டம் 2017 இல் கண்ணிவெடி அற்றதாக அறிவிக்கப்பட்டது. வடக்கில் அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. அங்கே பற்றைக்காட்டைத் துப்புரவாக்கத் தீ வைப்பது அண்டை வீட்டாரின் உயிரோடு விளையாடுவதாகும்.

எங்களுக்கும் பொறுப்பு உண்டு. சிறுபோக அறுவடை முடிந்து வைக்கோலுக்கு நெருப்பு வைக்கும் காலமும் கச்சான் வீசும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. வைக்கோலை உழுது மண்ணோடு சேர்ப்பதே நல்லது, மண்ணுக்கும் உரம். காற்று வீசும்போது எந்தக் குப்பைக்கும் நெருப்பு வைக்காதீர்கள். தீ கைமீறினால் தாமதிக்காமல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ அழையுங்கள். நாம் கொளுத்தாத ஒவ்வொரு தீயும், யாரோ ஒருவர் புகைக்குள் போகாமல் வீட்டில் தூங்கும் ஓர் இரவு.