ஆர்.எக்ஸ். 100... ஆயுசும் நூறு!

உளுந்தூர்பேட்டையை ஊராகத் தெரிந்தவர்களைவிட, பஸ் நிற்கும் இடமாகத் தெரிந்தவர்கள்தான் அதிகம். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர், சேலத்துக்குத் திரும்புகிறவர், விருத்தாசலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் என்று எல்லோருக்கும் இங்கே ஒரு டீ பாக்கி இருக்கும். அந்த டீக்கடை வாசலில் கொஞ்சம் நின்று பாருங்கள். இருபது லட்ச ரூபாய் கார் போகும். ஒருத்தரும் திரும்ப மாட்டார். 'டட்டட்... டர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கட்டும். வடையைக் கடித்த வாய் அப்படியே நிற்கும். "மாப்ளே, ஆர்.எக்ஸ்.டா!"

தயாரிப்பை 1996-லேயே நிறுத்திவிட்ட ஒரு வண்டிக்கு இந்த மரியாதை!

1980-களில்தான் ஜப்பான்காரர்கள் நூறு சி.சி. மோட்டார் சைக்கிள்களோடு இந்தியாவுக்குள் வந்தார்கள். முதலில் 1984-ல், நம்ம ஓசூரிலிருந்து டி.வி.எஸ்.காரர்களின் இந்த்-சுஸுகி. 1985-ல் ஹீரோ ஹோண்டா. அதே வருஷம் நவம்பரில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி, யமஹாவோடு சேர்ந்து ஆர்.எக்ஸ். 100-ஐ இறக்கியது. இதே ஜோடி 1983-லேயே ராஜ்தூத் 350 என்ற ராட்சசனை விட்டுப் பார்த்திருந்தது. அது பெட்ரோல் குடித்த வேகத்தைப் பார்த்து, சம்பளக்காரர்கள் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டார்கள். ஆர்.எக்ஸ். அப்படியில்லை. 98 சி.சி., 11 குதிரை சக்தி, எடை நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். டூ-ஸ்ட்ரோக் ஆனதால் இன்ஜினின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. (உங்கள் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான்.) முறுக்கினால் பாய்கிற ரகசியம் இதுதான். கூடவே எரியாத பெட்ரோலும் ஆயிலும் புகையாக வெளியே போகும். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய 1996-ல் தயாரிப்பு நின்றது.

தேய்மானமா, தேறுமானமா?

பி.காம். படித்தவன் என்ற முறையில் ஒரு கணக்கு. உதாரணத்துக்கு 1990-ல் ஒருவர் 20,000 ரூபாய்க்கு வண்டி வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 15 சதவிகிதம் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்தால், 35 வருஷம் கழித்துக் கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு சுமார் 68 ரூபாய். ஹைவே ஓட்டலில் ஒரு பொங்கல் வாங்கலாம். வடை சேர்க்க முடியாது. ஆனால் நன்றாகப் புதுப்பித்த ஆர்.எக்ஸ்.-க்கு இன்று லட்சத்துக்கு மேல் விலை சொல்கிறார்கள். எங்கள் புரொபசர்கள் யாரும் இந்த அத்தியாயத்தை நடத்தவே இல்லை!

இங்கேதான் சார் ஆபத்து. தீபாவளி போனஸ் கையில் இருக்கிறது, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒரு வண்டி வைத்திருக்கிறார், "இன்ஜின் பட்டு மாதிரி" என்கிறார். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினை அல்ல, ஆர்.சி. புக்கை.

கல்யாணத்துக்கு முன் ஜாதகம்

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷம்தான். அதன்பின் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். பேச்சுவழக்கில் 'எஃப்.சி. காட்டுவது'. இருபது வருஷம் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு இந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 2,000 ரூபாய் ஆக்கியது. பசுமை வரி தனி. இவை கட்டப்படாமல் கிடந்தால், பாக்கி முழுவதும் வண்டியோடு சீதனமாக உங்கள் வீட்டுக்கு வரும்.

சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் பேப்பர் வைத்து, பென்சிலால் தேய்த்து எடுங்கள். ஆர்.சி.யில் உள்ளதோடு ஓர் எழுத்து மாறினாலும், "அப்புறம் வரேண்ணே" என்று கிளம்பிவிடுங்கள். சில புக்கில் என்றோ கடன் கொடுத்த ஃபைனான்ஸ்காரர் பெயர் இன்னும் உட்கார்ந்திருக்கும். அவர் படிவம் 35-ல் கையெழுத்துப் போட்டால்தான் அது நீங்கும். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுகள் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். 1989-க்கு முந்திய மூன்றெழுத்து நம்பர் வண்டியா? அதன் விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

நாலு உயிர்

பூனைக்கு ஒன்பது உயிர் என்பார்கள். ஆர்.எக்ஸ். சிலிண்டருக்கு நாலு. பிறக்கும்போது அதன் உள் விட்டம் 50 மில்லிமீட்டர். தேய்ந்ததும் லேத் பட்டறையில் கால் மில்லிமீட்டர் கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடுவார்கள். 50.25, 50.50, 50.75, 51... அவ்வளவுதான். அதற்குப் பிறகு புது ஸ்லீவ் இறக்க வேண்டியதுதான். கடைசி போரில் 98 சி.சி. வண்டி 102 சி.சி. ஆகியிருக்கும், சந்தோஷப்படாதீர்கள், அது வயதானதால் வந்த தொப்பை. ஆகவே வாங்கும்போது "எத்தனாவது போர்?" என்று கேளுங்கள்.

அடுத்தது கிராங்க் ஆயில் சீல். சின்ன ரப்பர் வளையம்தான். ஆனால் கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சி, கொசு மருந்து அடிப்பதுபோல் வெள்ளைப் புகை விடும். மேக்னட் பக்க சீல் போனால் வெளிக்காற்று உள்ளே நுழையும், கலவை நீர்த்துப்போகும், சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். புதிதாகப் பெயின்ட் அடித்து, பளபளவென்று குரோமியம் பூசிய வண்டிகளில் பல, இந்தச் சின்ன வளையத்தை மாற்றாதவை. பெயின்ட் கடைசியில், சீல் முதலில்.

வாரம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரி. இளம் சாக்லேட் நிறம் என்றால் சௌக்கியம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, சூடு அதிகம். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ மிதமிஞ்சிப் போகிறது. சைலன்சருக்குள் கரி அடைத்தாலும் வண்டி சோம்பும். உள் குழாயை உருவிச் சுத்தம் செய்தால் பாதி இளமை திரும்பும்.

புது பெட்ரோல், பழைய வயிறு

இப்போது பங்க்கில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1980-களின் ரப்பருக்கு இது ஆகாது. பெட்ரோல் டியூப், கார்பரேட்டர் வாஷர் எல்லாம் ஊறிப்போகும். எனவே எத்தனால் தாங்கும் டியூபாக மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கில் டேங்கில் விட்டுவைத்தால் தண்ணீர் அடியில் தங்கித் துருப்பிடிக்கும். ஊருக்குப் போவதானால் கார்பரேட்டரைக் காலி செய்துவிட்டுப் போங்கள். எத்தனால் கலப்பால் கலவையும் கொஞ்சம் நீர்க்கும். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றலாமா என்று பிளக்கின் நிறத்தைப் பார்த்து மெக்கானிக் முடிவு செய்யட்டும்.

கல்வராயன் மலை பரீட்சை

ரெடியான வண்டியை எங்கே சோதிப்பது? நாற்கர ரோட்டில் வேண்டாம். அங்கே பின்னால் வருகிற பஸ்ஸுக்கு உங்கள் பழைய டிரம் பிரேக்கின் வரலாறு தெரியாது. கள்ளக்குறிச்சி தாண்டி வெள்ளிமலை ஏறிப் பாருங்கள். ஏறுவதல்ல, இறங்குவதுதான் உண்மையான பரீட்சை. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எண்ணெய் போவது ஆக்சிலேட்டரைப் பொறுத்தது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடிக்கொண்டு கியரிலேயே வேகமாக வந்தால், இன்ஜின் சுற்றும், எண்ணெய் போதாது. அதனால் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை கிளட்ச்சைப் பிடித்து லேசாக ஒரு முறுக்கு கொடுங்கள். மலைக்காரர்களின் இந்தப் பழக்கம் ஸ்டைல் அல்ல. பிஸ்டனுக்கு ஒரு வாய் எண்ணெய்.

சைலன்சரை அறுத்து ஊரை எழுப்புகிற ஆசாமிகளுக்கு ஒரு வார்த்தை. ஆர்.சி.யில் உள்ளபடி இல்லாமல் வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி குற்றம். விற்கும்போதும் ஒரிஜினல் சைலன்சருக்குத்தான் விலை.

தாத்தா பட்டம்

கடைசியாக ஒரு சமாசாரம். நாம் ஆசையாக 'வின்டேஜ்' என்கிறோமே, சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டி, ஒரிஜினலாகவே இருக்கிற வண்டிதான் வின்டேஜ். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 'வி.ஏ.' என்று தனி நம்பர். முதல் ஆர்.எக்ஸ்.-க்கே அந்தத் தகுதி 2035-ல்தான் வரும். ஆனால் அந்தப் பட்டத்தை வாங்கிய வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, ரிப்பேருக்குப் போவது... அவ்வளவுதான்.

அதாவது பொன்னாடை போர்த்தி மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அதற்கு இன்னும் வருஷம் இருக்கிறது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிக் அடித்து, பத்து கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு வாருங்கள். ஓடாமல் நிற்பதுதான் பழைய வண்டிக்குப் பெரிய வியாதி.